ஒரு மடிப்பை மூன்று பொருளில் பிடித்த கதை: ஸ்டுடியோ தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

நுண்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில் ஓவியம், துணி, சிற்பம் மூன்றையும் ஒரே ஸ்டுடியோ வேலையாகக் காட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் காட்டினேன். ஆனால் பாதி ஆண்டு வரை தவறான பாதையில் போய்க்கொண்டிருந்தேன்.

இடைக்கால மதிப்பீட்டுக்கு மூன்று வேலைகள் வைத்தேன். நாற்காலி முதுகில் தொங்கும் போர்வை ஒன்றின் எண்ணெய் வண்ண ஓவியம், அதையே துணியில் எம்பிராய்டரியாக, அதையே களிமண்ணில் புடைப்புச் சிற்பமாக. ஆசிரியர் நின்று பார்த்துவிட்டு, "மூணும் ஒரே படந்தானேம்மா, எதுக்கு மூணு தடவை?" என்று கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

அன்றிரவு அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது எது என்று யோசித்தேன். போர்வையோ நாற்காலியோ என்னை இழுக்கவில்லை, மடிப்புதான் இழுத்தது. அது பிடிபட்டதும் வேலை தெளிவாயிற்று. ஓவியத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் வைத்து மடிப்பு இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கிறோம். துணியில் அதன் எடையே மடிப்பைப் போட்டுக்கொள்கிறது. மெல்லிய பருத்தி விழுவது போலக் கம்பளி விழாது. சிற்பத்தில் அந்த விழுதலை நடுவிலேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். மூன்று பொருளும் வெவ்வேறாக நடந்துகொள்ளும் இப்படி ஒரு விஷயத்தை முதலில் தேடுங்கள். "ஏன் இந்தப் பொருள்?" என்பதுதான் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், சுற்றிச் சுற்றி வரும் கேள்வி.

எனக்குத் தைரியம் தந்த கலைஞர்கள் இருவர். ஈவா ஹெஸ் 1964-ல் ஜெர்மனியின் கெட்விக் ஊருக்குப் போனபோது ஓவியர். அங்கே அவருக்கு வேலை செய்யக் கிடைத்தது கைவிடப்பட்ட ஒரு துணி ஆலை. அங்கு கிடந்த கயிறும் இயந்திரத் துண்டுகளும் அவருடைய ஓவியப் பரப்பில் ஏறின. அந்தப் பரப்பு சுவரை விட்டு வெளியே புடைத்தது. மிருணாளினி முகர்ஜி பரோடாவில் ஓவியம் படித்தவர், ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனின் மாணவி. சணல் வகைக் கயிற்றைத் தறியில்லாமல் கையாலேயே முடிச்சுப் போட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்தார். பிறகு சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் போனார். அவருடைய கயிற்றுச் சிற்பங்களின் படங்களை அவசியம் பாருங்கள். கயிறு தன் எடையால் எங்கே தொய்கிறது, முடிச்சு எங்கே அதைத் தாங்குகிறது என்று தேடிப் பார்த்தால், ஒரு பருவம் முழுக்கப் படிக்க அதில் விஷயம் இருக்கிறது.

இனி கைவேலை. பிளாஸ்டரில் நனைத்த துணியைத் தொங்கவிட்டு மடிப்பை உறையவைக்க முயன்றேன். முதல் தடவை பொடியின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டேன், கட்டி கட்டியாகிவிட்டது. தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் சின்னத் தீவுகள் போலப் பொடி நிற்கத் தொடங்கும்போது நிறுத்தி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டுக் கலக்க வேண்டும். இரண்டாம் தடவை கலவை சரியாக வந்தது, அவசரம்தான் கெடுத்தது. துணி இறுகத் தொடங்கிய பிறகு ஒரு மடிப்பைத் திருத்தப் போனேன். அப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் அந்த இடத்திலேயே இரண்டாக உடைந்து கிடந்தது. இறுகும்போது உள்ளே படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் அசைத்தால் கோப்பு அறுந்துவிடும். இறுகுகையில் நன்றாகச் சூடேறும் என்பதால் கையை அதற்குள் புதைத்து அச்செடுக்க ஒருபோதும் முயலாதீர்கள். மிச்சத்தைத் தொட்டிக் குழாயில் ஊற்றவும் கூடாது, உள்ளேயே கல்லாகிவிடும்.

துணியும் எண்ணெய் வண்ணமும் ஒரே அறையில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பூச்சு இல்லாத துணியில் நேராக எண்ணெய் வண்ணம் தீட்டினால் எண்ணெய் இழைக்குள் இறங்கி, நாளடைவில் அதை நொறுங்கவைக்கும். முதலில் ஜெசோ என்னும் அடிப்பூச்சைப் பூசுங்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கிறது. அப்போது வரும் வெப்பம் குவியலுக்குள் அடைபட்டால், யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள். இதை என் கூடப் படித்தவர்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும் என்பதால் ஓவியத்தை முதலில் தொடங்குங்கள். அது காயும் நாட்களில் நெசவும் பிளாஸ்டரும் நடக்கும்.

எதையும் பெரிதாகச் செய்வதற்கு முன் உள்ளங்கை அளவில் செய்து பாருங்கள். நெசவுக் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் சின்னச் சட்டத்தில் பல பத்தாண்டுகளாகக் குட்டி நெசவுகள் செய்துவந்தவர். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது போல அவருக்கு அது. நானும் நாற்பது துண்டுகள் வரை செய்தேன். ஒவ்வொன்றிலும் தேதி, நூல், கலவை அளவு எழுதிய சீட்டைக் கட்டினேன்.

தேர்வன்று அந்தத் துண்டுகளையும் ஒரு மேசையில் பரப்பியிருந்தேன். உடைந்த பிளாஸ்டர் மடிப்பும் அங்கே இருந்தது. தேர்வாளர் நேராக அதைத்தான் கையில் எடுத்தார். உடைந்த விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த இழைகளை விரலால் தடவியபடி, "இது ஏன் உடைஞ்சுது?" என்று கேட்டார். சீட்டைப் பார்க்காமலே சொன்னேன். மற்ற வேலைகளுக்கு முன்னால் நின்றதைவிட அந்த மேசை முன்னால்தான் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.