யூரோ கொடி

முதலாளி அண்ணை அந்தக் கொடியை எடுத்தபோது பகிடி என்றுதான் நினைத்தேன். யூரோ கால்பந்து இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினிடம் தோற்று மூன்று கிழமை ஆகப்போகிறது. விற்காமல் கிடந்த இங்கிலாந்துக் கொடிகளில் ஒன்றை உதறி, கடைக் கண்ணாடியின் உட்பக்கம் செலோடேப்பால் ஒட்டினார். "கிடக்கட்டும். கண்டால் பேசாமல் போயிடுவாங்கள்."

2024 ஓகஸ்ட் 3, சனிக்கிழமை. லிவர்பூலில் வால்டன் பக்கம் எங்கள் கடை. முந்தின திங்கட்கிழமை சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றிருந்தான். படகில் வந்த முஸ்லிம் அகதி என்று வதந்தி பறந்தது. அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவன் என்று தெரிந்த பிறகும் கூட்டம் அடங்கவில்லை. அந்தச் சனி இரவு கவுண்டி ரோட்டில் கடைகளை உடைத்தார்கள், ஸ்பெல்லோ லேன் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். என் மகள் கதைப் புத்தகம் எடுக்கிற நூலகம்.

எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு: "அவங்கள் தேடுறது முஸ்லிம்களை. நாங்கள் தமிழர் எண்டு சொல்லுங்கோ." பொட்டு வைத்துக்கொண்டு வெளியே போனால் பாதுகாப்பா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். 1983 யூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கொழும்பு வெள்ளவத்தையில் அம்மா பொட்டை அழித்துவிட்டுத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாராம். அப்போது ஆட்களை மறித்து 'பால்திய' என்று சொல்லச் சொன்னார்கள். வாளிக்குச் சிங்களச் சொல் அது. நாக்குப் பிசகினால் தமிழன். நூலகம் எரிந்த மறுநாள், ஞாயிறு, மிடில்ஸ்பரோவில் கார்களை மறித்து, நீ வெள்ளையனா, இங்கிலிஷ்காரனா என்று கேட்கும் வீடியோ வந்தது. இங்கே நாக்கைச் சோதிக்கத் தேவையில்லை, கண்ணாடிக்குள்ளாலேயே தோல் தெரியும்.

பதினொரு வருஷமாக எங்கள் கடை பலருக்கு 'பாக்கி கடை'. பாகிஸ்தானியரை இழிவாகச் சொல்லும் சொல் அது. நானும் ஒவ்வொரு முறையும் "ஸ்ரீலங்கன்" என்று திருத்திக்கொண்டே இருக்கிறேன். திருத்தும்போது கொஞ்சம் பெருமைகூட இருக்கும். ஏசியவனைக் கேள்வி கேட்காமல், ஏச்சுப் போய்ச் சேரவேண்டிய முகவரியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது அந்த வாரம்தான் உறைத்தது.

பக்கத்தில் பேப்பர் கடை வைத்திருப்பவர் யெமன்காரர். லிவர்பூலில் அப்படி நிறையக் கடைகள் உண்டு. சனிக்கிழமை எங்கள் ஷட்டர் பாதியில் இறுகி நின்றுவிட, தன் கடையைப் பூட்டாமல் ஓடிவந்து தொங்கி இழுத்தார். அப்புறம்தான் கொடியைக் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கையில் பட்ட கிரீஸைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை, 7ஆம் திகதி, குடிவரவு வழக்கறிஞர்களின் அலுவலகங்களைத் தாக்கப்போவதாக ஒரு பட்டியல் சுற்றியது. லண்டன் வோல்தம்ஸ்டோவில் இனவாதத்தை எதிர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவை நிறைத்தார்கள். இங்கேயும் அகதிகளுக்கு உதவும் நிலையம் இருக்கிற தேவாலயத்தைச் சுற்றிச் சனம் காவலாக நின்றது. நான் போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டேன், பயம்தான்.

வியாழன் காலை, வழக்கமாகப் பால் வாங்கும் கிழவி கண்ணாடியைக் காட்டி, "யூரோ முடிஞ்சுது, லவ்" என்றார். சிரிக்கவில்லை. அண்ணை கொடியைக் கழற்றி மடித்தார். விலைச்சீட்டு அதிலேயே இருந்தது. 2026 உலகக் கோப்பைக்கு விற்கலாம் என்றார்.

நூலகத்துக்காக 500 பவுண்டு சேர்ப்போம் என்று ஒருவர் தொடங்கிய நிதி 2 லட்சத்தைத் தாண்டியது. டிசம்பரில் திறந்துவிட்டார்கள். அண்ணையும் இருபது பவுண்டு போட்டார். யெமன்காரரோடு தினமும் கதைக்கிறோம், மழையைப் பற்றி, பால் விலையைப் பற்றி. அந்தக் கொடியைப் பற்றி மட்டும் இன்னும் கதைக்கவில்லை.