எங்கள் பள்ளிக்கூடத்தைப் பதிவேட்டில் ஏற்றிய கதை

எங்கள் பழைய பள்ளியை அமெரிக்காவின் வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கும் படிவத்தில் ஒரு கேள்வி: ‘கட்டியவர் யார்?’ இரண்டு வாரம் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தேன்.

வட கரோலினாவில் எங்கள் சிற்றூரின் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. நானும் அங்கேதான் படித்தேன், 1964 முதல் அங்கேயே பாடம் நடத்தினேன். இனப் பிரிவினையை நீக்குகிறோம் என்று 1968-இல் மூடிவிட்டார்கள். பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தார்கள். எங்கள் தலைமை ஆசிரியருக்கு அங்கே ஒரு வகுப்புகூடத் தரவில்லை.

ரோசன்வால்ட் பள்ளி என்பார்கள். சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டும் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் தொடங்கிய திட்டத்தில் 1932-க்குள் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழுந்தன. ஊர்க்காரர்களும் பங்கு போட வேண்டும் என்பது நிபந்தனை. மொத்தத்தில் ரோசன்வால்ட் பக்கம் கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் கொடுத்தது 47 லட்சம். குத்தகை விவசாயிகளும் துணி வெளுத்துப் பிழைத்தவர்களும் சேர்த்த பணம் அது! இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன்.

தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்க, முதலில் மாநில வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நிலப் பத்திரம், வரைபடம், நாலு பக்கமும் எடுத்த படங்கள், கட்டடம் ஏன் முக்கியம் என்ற விளக்கம். மாநிலக் குழு ஒப்புக்கொண்டால் தலைநகர் வாஷிங்டனுக்குப் போகும். பழைய படம் நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது.

விளக்கம் எழுதுவது சிரமமாக இல்லை. ஜன்னல் வரிசை இடப்பக்கம் இருக்கும். எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. இரண்டு வகுப்புக்கு நடுவே நகர்த்தும் தடுப்பு. ஒதுக்கிவிட்டால் ஊரே உட்காரலாம். புத்தகங்கள் வெள்ளையர் பள்ளி கழித்துப் போட்டவை. அட்டைக்குள் பெயர் எழுதும் கோடுகள் எல்லாம் நிரம்பியே வரும். அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, எங்கள் பிள்ளைகளைப் பெயர் எழுதச் சொல்வேன்.

சரி, கட்டியவர் யார் என்பதற்கு ஆதாரம்? 90 வயது தாண்டிய ஒரு அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே சர்ச் கணக்கு நோட்டு. பென்சில் எழுத்து: ‘பலகை அறுப்பு, இரண்டு நாள்’, ‘கோழி விற்றது, 75 சென்ட்’. பக்கத்தில் பெயர்கள், மொத்தம் 41.

எல்லாப் பெயரையும் எழுதினேன். இடம் போதவில்லை, தனித் தாள் இணைத்தேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒப்புதல் கடிதம் வந்தது. அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “எங்கப்பா பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று கேட்டார்.