பத்தொன்பதாயிரம் ரூபாய்க் கத்தியில் ஒரு கீறல்

முகூர்த்தப் பருவத்துச் சமையல் வருமானத்தில் மிச்சம் பிடித்து, இணையக் கடை ஒன்றில் 19,200 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஜப்பானியக் கத்தி, சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 210 மில்லிமீட்டர் நீளமுள்ள கியூட்டோ வகை, அதாவது எல்லாவற்றையும் நறுக்க உதவும் சமையல்காரர் கத்தி. நடுவில் கார்பன் எஃகு, இருபுறமும் துருப்பிடிக்காத எஃகுப் போர்வை. முற்றத்து வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தபோதே, வலப்பக்கத் தகட்டில், பிடியை ஒட்டிய கோடியில், ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு மெருகின் ஓட்டத்துக்குக் குறுக்காக ஒரு கீறல் ஓடியிருந்தது. கொம்புப் பூணும் மரப்பிடியும் சேரும் இடம் விரலுக்குத் தட்டியது. கத்தியின் காம்பு பிடிக்குள் இறங்கும் வாயில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. முதுகின் விளிம்பு மழுக்கப்படாமல் ஆள்காட்டி விரலை அறுத்தது. பொறித்திருந்த எழுத்துகளும் சற்றுச் சாய்ந்திருந்தன. "இந்தக் காசுக்கு ஒரு தெருவுக்கே அரிவாள்மனை வாங்கிக் கொடுக்கலாமேடா" என்று அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று நான் இரண்டு தவறுகள் செய்தேன். வாங்கப் போகிறவர்கள் இவற்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆத்திரம் ஒருபுறம் இருந்தாலும் ஆசை அடங்காமல், கத்தியைக் கழுவிக் கால் கிலோ சின்ன வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தது முதல் தவறு. வெங்காயத்திலுள்ள கந்தகம் பட்டுச் சில நிமிடங்களிலேயே கூர் விளிம்பு நெடுகச் சாம்பலும் நீலமுமாக நிறம் ஏறிவிட்டது. கார்பன் எஃகுக்கு அது இயல்புதான் என்றாலும், கத்தி பயன்படுத்தப்பட்டுவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கடைக்காரருக்குத் தேவையில்லை. ஐந்து குறைகளையும் ஒரே மின்னஞ்சலில், ஒரே தொனியில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கி அனுப்பியது இரண்டாவது தவறு.

மறுநாள் இரண்டே வரியில் பதில் வந்தது. கையால் செய்யப்படும் பொருளில் சிறு வேறுபாடுகள் இயற்கை என்றும், பயன்படுத்திய பொருளை எடுத்துக்கொள்ள இயலாது என்றும் அதில் இருந்தது. தொலைபேசியில் அழைத்தபோது பேசியவர், கீறலா, எந்தக் கீறல், படத்தில் சரியாகத் தெரியவில்லையே என்று மூன்று முறை கேட்டார். ஒருவேளை வெங்காயம் நறுக்கும்போது விழுந்திருக்கலாமே என்றும் சொன்னார். பெட்டியைத் திறக்கும்போதே என் மகள் கைப்பேசியில் எடுத்திருந்த படங்களில், நிறம் ஏறாத வெள்ளை விளிம்போடு அந்தக் கீறலும் சேர்ந்து பதிவாகியிருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. விலை கூடிய எதையும் படம் எடுக்காமல் பிரிக்காதீர்கள். படத்தையும் நேர் வெளிச்சத்தில் எடுக்காமல், சன்னலோரம் தகட்டைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால்தான் கீறல் தெரியும்.

கோபம் ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. கையால் பொறிக்கும் எழுத்து சாய்வதும், முதுகு கரடாக இருப்பதும் அந்த வகைக் கத்திகளில் வழக்கம்தான். முதுகை நயமான உப்புத்தாள் கொண்டு பத்து நிமிடத்தில் நாமே மழுக்கிவிடலாம். காம்பின் இடைவெளியில் தண்ணீர் இறங்கினால் உள்ளே துருப்பிடிக்கும் என்றாலும், தேன்மெழுகை உருக்கி விட்டால் அது அடைந்துவிடும். ஆனால் கீறல் இருந்த அதே இடத்தில், வெங்காயம் நறுக்கியபோது ஒன்று உறுத்தியிருந்தது: அந்தப் பகுதியால் அரிந்த துண்டுகள் தனித்தனியாகப் பிரியாமல், அடியில் ஒட்டிக்கொண்டு மாலைபோலத் தொங்கின.

மட்டமான பலகையின் மேல் கூர்வாயை வைத்து, பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் இருட்டாக இருக்க, கோடியில் மட்டும் நூல் கனத்துக்கு வெளிச்சம் கசிந்தது. சாணை பிடித்தபோது சக்கரம் வழுக்கித் தகட்டைக் கீறியதோடு கூர்வாயையும் அங்கே அளவுக்கு மீறித் தின்றிருக்கிறது. அழகுக் குறை என்று நான் புலம்பிய ஐந்தில், இது ஒன்றுதான் அழகோடு நிற்காத குறை. திருப்பாச்சேத்திப் பட்டறையில் கொடுத்தால் சமப்படுத்தித் தருவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அரிவாளுக்குப் பெயர்போன ஊர்தான்; ஆனாலும் மெல்லிய கார்பன் எஃகு விளிம்பைத் தண்ணீரில்லாத மின்சாணையில் பிடித்தால் சூடேறிப் பதம் இறங்கிவிடும், நாம் கைவைத்த பொருளுக்குக் கடையிலும் பேச்சு எடுபடாது என்பதால் அதற்குத் துணியவில்லை.

இந்த முறை மற்ற நான்கையும் விட்டுவிட்டு இந்த ஒரு குறையை மட்டும், வெளிச்சம் கசியும் படத்தோடும் வெங்காய மாலையின் படத்தோடும், கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இதைக் குறிப்பிட்டதோடு, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம் என்பதையும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது என்பதையும் பணிவாகவே சேர்த்திருந்தேன். மறுநாள் மாலைக்குள் மாற்றித் தருவதாகப் பதில் வந்தது. நேற்றுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல் அன்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

அலைச்சல் அதன் பிறகுதான் தொடங்கியது. எங்கள் ஊருக்கு வந்து எடுத்துப்போகும் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்கள், செலவைத் தந்துவிடுகிறோம் என்றார்கள். திங்கட்கிழமை, சந்தைக் கூட்டத்தில் நசுங்கியபடி பேருந்தில் காரைக்குடிக்குப் போனால், கூரியர் அலுவலகத்திலிருந்த பையன் பொட்டலத்தைத் தொடவே தயங்கினான். "அண்ணே, கத்தின்னு எழுதினா மதுரையில நிப்பாட்டிருவாங்க. எவர்சில்வர் சாமான்னு எழுதிக்கிருவோமா?" என்றான். பொய்யாக எழுதிய பொட்டலம் தொலைந்தால் ஒரு பைசா கேட்க முடியாது என்பதால் திரும்பி வந்துவிட்டேன். அன்றைய பொழுது வீண். அடுத்த முறை, கூர்வாய்க்கு அட்டை உறை போட்டு, இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே கட்டி, ரசீது நகலையும் கடையின் கடிதத்தையும் மேலே ஒட்டி, சமையலறைக் கத்தி என்றே எழுதி வேறொரு நிறுவனத்தில் கொடுத்தேன். 410 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் புதுக் கத்தி வந்தது. உறையிலிருந்து எடுத்ததும் முதலில் டார்ச் விளக்கைத்தான் தேடினேன்; ஓரிடத்திலும் வெளிச்சம் கசியவில்லை. காம்பின் இடைவெளி இதிலும் இருந்தது. மெழுகை உருக்கி ஊற்றி, வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, அன்றைக்கே இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை நறுக்கினேன். செலவைத் தந்துவிடுகிறோம் என்றார்களே, அந்த 410 ரூபாய் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. நேற்றும் ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.