வைஹியில் ஒரு பழைய பம்ப் ஹவுஸ்

இன்று மதியம் நியூசிலாந்தின் வைஹி என்ற சுரங்க ஊரில், கூரையில்லாத ஒரு கான்கிரீட் கட்டடத்தின் முன் வெகுநேரம் நின்றேன்.

1904இல் கட்டியது. மார்த்தா தங்கச் சுரங்கத்தின் தண்ணீரை நீராவி எந்திரம் வைத்து இறைத்த இடம். பழைய குடைவுகளால் அடியில் நிலம் பலவீனமாகிவிட, 2006இல் இடிக்காமல் முழுக் கட்டடத்தையும் சுமார் 300 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள். நாளுக்குக் கொஞ்சமாக, மாதக்கணக்கில்!

வெறும் சுவர்தான். அதற்கு இவ்வளவு மரியாதை.

காலையில் ஆக்லாந்தில் வாடகைக் கார் எடுத்தோம். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் சிரமமில்லை. கரங்கஹாகே பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக வண்டியை நிறுத்தி, பழைய சுரங்க வழிகளுக்குள் நடக்கலாம். வைஹியிலிருந்து கடற்கரையும் பக்கம்தான். குழந்தைகளுக்கு அதுதான் பிடித்தது, சரி.

எனக்கு இங்கே சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய 1912 வேலைநிறுத்தம் மனதை விட்டுப் போகவில்லை. ஃபிரெட் எவன்ஸ் என்ற தொழிலாளி அதில் அடிபட்டு இறந்தார். இந்த ஊர் அவரை இன்னும் மறக்கவில்லை.

கோலார் தங்கவயல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து போன எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அந்த மண்ணுக்கடியில் உழைத்தன! 2001இல் சுரங்கம் மூடியது. அங்கே சுரங்கக் குழிகளின் மேல் துருப்பிடித்து நிற்கும் ஷாஃப்ட் கோபுரங்களில் ஒன்றையாவது இப்படிக் காப்பாற்ற வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களின் பெயர்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.