கடப்படி வாசல்ல இருந்து நாவலடிக்கு: எங்கட வீட்டு நத்தார் வளையம்

நத்தாருக்கு வாசல் கதவுல பச்ச இலையில ஒரு வளையம் கட்டித் தொங்கவிடுவம் எண்டு நான் முதல் சொன்ன நேரம் அம்மாக்குப் பிடிக்கவே இல்ல. "மலர்வளையம் செத்த வீட்டுக்குக் கொண்டு போற சாமான் மளே, நல்ல நாளும் பெருநாளுமா அத ஏன் புள்ள வாசல்ல மாட்டுறாய்" எண்டு கேட்டா. ரீத் எண்டாலே எங்கட ஆக்களுக்குப் பெட்டிக்குப் பக்கத்துல சாத்தி வெச்சிருக்கிற, ரிபன்ல பேர் எழுதினதுதான ஞாபகம் வரும், அதால அந்த வருசம் விட்டுட்டன்.

அடுத்த வருசம் அம்மாவே கேட்டா. கோயில்ல, நத்தாருக்கு முன்னால நாலு கிழம வாற திருவருகைக் காலத்துக்கு நாலு மெழுகுதிரி வெச்ச வளையத்தப் பாத்துட்டு, இது என்னத்துக்கு எண்டு கேக்க, எனக்குத் தெரிஞ்சதச் சொன்னன். 1839ல ஜெர்மனில ஹம்பேர்க்ல யோஹான் விஹேர்ன் எண்டு ஒரு போதகர் ஏழப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினவர், அந்தப் பிள்ளைகள் நத்தார் எப்ப வரும் எப்ப வரும் எண்டு கேட்டுக்கொண்டே இருக்க, ஒரு வண்டிச்சில்ல எடுத்து அதுல மெழுகுதிரி வெச்சு நாளுக்கு ஒண்டாக் கொளுத்தினவராம், பச்ச இலை சுத்துற வழக்கம் பிறகுதான் வந்த. வண்டிச்சில்லு எண்டதும் அம்மாக்கு மனசு இளகிட்டு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி கட்டு, ஆனா 26ஆம் திகதி நாவலடிக்குக் கொண்டு போகக்கூடிய மாதிரிக் கட்டு" எண்டா.

சின்னம்மா மட்டக்களப்புக் கடற்கரையில இருக்கிற நாவலடியிலதான் இருந்தவ. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழம, நத்தாருக்கு அடுத்த நாள். அதுக்குமேல எழுத வேணாம், எங்கட பக்கத்து ஆக்களுக்கு விளங்கும்.

கடற்கரைக்குப் போற வளையம் எண்டபடியா கம்பி கூடாது, பசை கூடாது, டவுணுக்குள்ள விக்கிற பிளாஸ்டிக் இலையும் மினுங்கல் பேப்பரும் கூடவே கூடாது, மண்ணுல கிடந்து உக்கிப் போற சாமான் மட்டும்தான் வேணும். இந்த ஒரு கட்டுப்பாட்டாலதான் நான் ஒழுங்காக் கட்டப் பழகினன் எண்டு நினைக்கிறன்.

உள்வட்டத்துக்கு முதல் அடம்பன் கொடி எடுத்துப் பாத்தன். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு சொல்லுவாங்கதான, கல்லடிக் கரை முழுக்கப் படர்ந்து கிடக்கு, ஆனா அது தண்ணிக் கொடி, ரெண்டு நாள்ல சுருங்கி வட்டம் தொய்ஞ்சு போச்சு. இப்ப வேலியில படர்ற சீந்தில் கொடிதான், முத்தினதாப் பாத்து வெட்டி ஒரு சாண் ஆரத்துக்கு வளைச்சு, அதுலயே நாலு சுத்து முறுக்கி விட்டா முடிச்சே தேவையில்ல, தன்பாட்டுல பிடிச்சு நிக்கும். சீந்தில் வெட்டி வெச்சாலும் லேசுல சாகாது, மழ ஈரத்துல துளிரும் விடும்.

பச்சைக்குச் சவுக்கு. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில நட்ட மரங்கள் இப்ப நல்லா வளந்து நிக்குது, மாரிக் காத்துக்கு முறிஞ்சு விழுற கொப்பே போதும், மரத்துல கத்தி வைக்கத் தேவையில்ல. வாவிப் பக்கத்துக் கண்டல் இலை பளபளப்பா இருக்குது எண்டு சிலர் ஒடிக்கிறாங்க, தயவுசெய்து அதத் தொடாதீங்க, இறாலும் மீன் குஞ்சும் வளர்ற இடம் அது. சவுக்குல நாம இலை எண்டு நினைக்கிறது இலை இல்ல, மெல்லிசான பச்சக் குச்சி, இழுத்தாக் கணுக் கணுவாக் கழண்டு வரும், அந்தக் கணுவுல பல்லுப் பல்லாத் தெரியிறதுதான் உண்மையான இலை. சின்ன வயசுல அதக் கழட்டித் திருப்பிப் பொருத்தி, எங்க பொருத்தினது எண்டு கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடுவம். கொண்டு வந்ததும் கொப்ப ஒரு ராவு முழுக்க வாளித் தண்ணிக்குள்ள விடணும், இல்லாட்டி ரெண்டு நாள்ல பழுப்பு ஏறிடும்.

கட்டுறதுக்கு வாழ நார். நனைச்ச நார் அறாது, கையையும் வெட்டாது. சவுக்க ஒரு விரல் கடை நீளத்துக்கு இல்ல, கை நீளத்துல பாதிக்கு நறுக்கி, மூண்டு நாலு சேத்து ஒரு பிடி, ஒரு பிடியின்ட அடியை அடுத்த பிடியின்ட நுனி மறைக்கணும், எல்லாம் ஒரே பக்கமாத்தான் போகணும், நடுவுல திசை மாறினா வளையம் கலைஞ்ச தல மாதிரி ஆகிடும். எனக்கு முப்பது பிடி வரைக்கும் பிடிக்கும். அவசரப்பட்டு இடைவெளி விட்டா காயக் காய உள்கொடி வெளியில தெரியும், நெருக்கிக் கட்டுங்க.

பிறகு சிவப்புக்கு வெட்சிப் பூக் கொத்தும் குரோட்டன் இலையும். செவ்வரத்தம்பூ பொழுதுபடச் சுருண்டிடும். குன்றிமணி நல்ல வடிவுதான், ஆனா அது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுல வேணாம். சவுக்குக் காயக் கொத்தோட விட்டாலே போதும், குட்டி ஊசியிலைக் காய் மாதிரி இருக்கும். குருத்தோலையில பூ மடிக்கிறது அம்மாட வேலை, குருத்து ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கிற அதே கை.

ஐரோப்பாவுல மார்கழிக் குளிருல மரமெல்லாம் மொட்டையா நிக்கேக்க பச்சையா மிஞ்சின ஊசியிலைய வீட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. எங்கட மட்டக்களப்புல மார்கழிதான் வருசத்துலயே பச்சை கூடின மாசம், வேலி தெரியாத அளவுக்குக் கொடி ஏறிக் கிடக்கும். அப்பிடி இருக்க நாம போய் பிளாஸ்டிக் ஊசியிலை வாங்குறது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

26ஆம் திகதி வளையத்தக் கழட்டிக்கொண்டு போவம். அந்த மாசத்துல கடல் முரடு, முதல் வருசம் தண்ணியில விட்டது மூண்டு தரம் கரைக்கே வந்து சேந்துது, அதுக்குப் பிறகு அம்மா அத மண்ணுல, அடம்பன் கொடிக்கு மேல வைக்கச் சொல்லிட்டா. 9.25க்கு நாடு முழுக்க ரெண்டு நிமிசம் மௌனம், நாங்களும் அதுல நிப்பம்.

இந்த வருசத்துக்கு சீந்தில் வளைச்சு வெச்சாச்சு. மழ விட்டா நாளைக்குக் காலம கொப்புப் பொறுக்கப் போகணும், அம்மாவும் வாறாவாம்.