குளிர்காலத்தில் வாருங்கள், மல்யுத்தம் பார்க்கலாம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பார்க்க ஆசைப்பட்டு யாராவது வந்தால், எல்லோரும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத்தான் கூட்டிப் போவார்கள். நான் ஜனவரியில் வரச் சொல்வேன். வெளியே பனி கொட்டும். அயோவா சிட்டியில், அயோவா பல்கலைக்கழகத்தின் கார்வர்-ஹாக்ஐ அரங்கத்தில் மல்யுத்தம் நடந்துகொண்டிருக்கும்.

1983-இல் திறந்த அரங்கம் அது. மேட்டைக் குடைந்து கட்டியிருக்கிறார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் நாம் நிற்பது உச்சிப் படி. மல்யுத்த மெத்தை (மேட்) விரித்த தளம் கிணற்றின் அடிபோல ஆழத்தில் தெரியும். ஏறக்குறைய 15,000 பேர் உட்காரலாம். கல்லூரிப் பிள்ளைகளின் மல்யுத்தத்துக்கு அந்த இடம் நிரம்புகிறது. 2015 நவம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அணி வந்தபோது, பக்கத்திலுள்ள கின்னிக் ஃபுட்பால் மைதானத்தில் திறந்தவெளியில் மேட் விரித்தார்கள். 42,287 பேர் வந்தார்கள்.

கூட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியும் என்பதுதான். பத்து எடைப் பிரிவுகள், 125 பவுண்டிலிருந்து 285 வரை. ஒரு மோதலுக்கு ஏழு நிமிடம். எதிராளியைக் கீழே சாய்த்துத் தன் பிடிக்குள் கொண்டுவந்தால் டேக்டவுன்; முன்பு இரண்டு புள்ளி, 2023-24 பருவத்திலிருந்து மூன்று. ரெஃபரி கை தூக்குவதற்குள் பின்வரிசையில் இருக்கும் தாத்தா விரல்களை உயர்த்திவிடுவார். ஒருவன் சண்டையைத் தவிர்த்து நேரம் கடத்தினால் ‘ஸ்டாலிங்!’ என்று நாலு பக்கமும் குரல் எழும்பும்.

முதன்முறை வருபவருக்குப் பிடிபடாத ஒன்று உண்டு: ரைடிங் டைம். மேலே இருப்பவன் கீழே கிடப்பவனை எழவிடாமல் அமுக்கி வைத்திருக்கும் நேரத்தைத் தனிக் கடிகாரம் கணக்கெடுக்கும். இருவர் நேரத்தையும் கழித்துப் பார்த்து, மோதலின் முடிவில் ஒருவன் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ முந்தியிருந்தால் அவனுக்கு ஒரு புள்ளி. பார்ப்பதற்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும். ஒருவன் கணுக்காலைப் பிடித்திருப்பான், மற்றவன் எழப் பார்ப்பான், அவ்வளவுதான். கடிகாரம் 55, 56 விநாடி என்று ஏற ஏற மொத்த அரங்கமும் எழுந்து நின்று இரையும். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்த பிறகுதான் இந்த விளையாட்டே புரிந்தது. விழுந்தவன் எழுவதற்குப் படும் பாட்டுக்கு இத்தனை பேர் மதிப்புத் தருகிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோகும்.

இந்த ரசனை வளர்ந்ததற்கு வரலாறு இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்ற டான் கேபிள், 1976 முதல் 1997 வரை இங்கே பயிற்சியாளராக இருந்து 15 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். பின்னாளில் இந்த அணியின் வீரர் ஸ்பென்சர் லீ. 2021-இல் இரண்டு முழங்காலிலும் தசைநார் அறுந்த நிலையில் மூன்றாவது தேசியப் பட்டத்தை வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. அவர் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் மளிகைக் கடை வரிசையிலும் பேச்சு நின்றுபோகாது.

அப்புறம், பெண்கள் அணி. கிளாரிஸா சுன் பயிற்சியில் 2023-24-இல் களமிறங்கி, அந்த முதல் பருவத்திலேயே தேசியப் பட்டம் வென்றார்கள். நான் இப்போது விரும்பிப் போவது இவர்களின் போட்டிகளுக்கு. பெண்கள் ஆடுவது ஃப்ரீஸ்டைல் என்ற வேறு வகை மல்யுத்தம், விதிகளும் வேறு. டேக்டவுனுக்கு இரண்டுதான், ரைடிங் டைம் கிடையாது, எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளினாலே ஒரு புள்ளி. ஐம்பது வருடமாக மல்யுத்தம் பார்த்திருப்பார் என்று தோன்றிய ஒருவர், ‘இப்போது எதற்குப் புள்ளி கொடுத்தார்கள்?’ என்று பேத்தியிடம் கேட்டார். அவள் பள்ளியில் மல்யுத்தம் பழகுகிறாள் போல. கையால் வட்டம் போட்டுக் காட்டி, பொறுமையாக விளக்கினாள். அடுத்த மோதலில் வெளியே தள்ளல் விழுந்ததும், முதலில் விரலை உயர்த்தியது தாத்தாதான்.