சில்லறையில் இருந்த பறவை

டொரண்டோவில் நான்கு வருடம் கடைக் கல்லாவில் நின்றவன் நான். ஒரு டாலர் நாணயத்தை அங்கே எல்லோரும் லூனி என்பார்கள். 1987-இல் வந்த நாணயம். ஒரு பக்கம் லூன் என்கிற நீர்ப்பறவை. நாளெல்லாம் எண்ணியும் அதை வாத்து என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு கோடைக்கு, சுப்பீரியர் ஏரிக்கு வடகிழக்கே வாவா ஊர்ப்பக்கம், சின்ன ஏரிக்கரை மீன்பிடி விடுதி ஒன்றில் சமையலறை வேலை கிடைத்தது. முதல் இரவே ஏரி நடுவில் யாரோ நீட்டி ஓலமிடுவது கேட்டது. ஆள் முங்குகிறான் என்று டார்ச்சோடு கரைக்கு ஓடினேன். பின்னாலேயே வந்த சமையல்காரர், "உன் பாக்கெட்டில் கிடப்பதுதான் கத்துகிறது, போய்ப் படு" என்றார்.

ஜூனில் கருப்பு ஈ. ஓடைநீரில் பிறந்து வந்து காதுக்குப் பின்னால் கடிக்கும். ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

விடிகாலையில் படகுத்துறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பேன். சதுப்பில் ஊறி வந்த ஏரிநீர், பால் விடாத தேநீர் நிறம். சூப்பில் உப்பு கூடிவிட்டதென்று திட்டு வாங்கிய ஒரு காலையில், எதிர்க்கரையில் மூஸ் என்கிற பெரிய மான் ஒன்று தலையை முழுக்க நீருக்குள் விட்டு நீர்ச்செடி தின்றுகொண்டிருந்தது. காட்டு இலைதழையில் அதற்கு உப்புச்சத்து போதாதாம். அதனிடம் என் சூப்பைக் கொடுத்திருக்கலாம்.

லூன் மட்டும் பக்கத்திலேயே வரும். ரத்தச் சிவப்புக் கண், கருப்பு முதுகில் வெள்ளைக் கட்டங்கள், அதன்மேல் சாம்பல் பஞ்சாக ஒரு குஞ்சு. பறவை எலும்பு பொதுவாக உள்ளே வெறுமையாக இருக்கும். இதற்குப் பலவும் கெட்டி. முங்க வசதி, எழும்பத்தான் பாடு. நீரின் மேல் படபடவென்று நெடுந்தூரம் ஓடினால்தான் மேலே போகும். காலோ உடம்பின் கடைசியில். தரையில் நடக்கவே வராது.

செப்டம்பர் முடிவில் விடுதியை மூடினோம். பெரிய பறவைகள் இரண்டும் தெற்கே போய்விட்டன. குஞ்சு பிற்பாடு தானே வழி கண்டு போகுமாம். கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தேன். ஓடியது, ஓடியது, எதிர்க்கரை வந்துவிட்டது. திரும்பி நீந்தி வந்து, மறுபடி ஓடியது. வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.